யாருக்காக ஏறுகிறது கூண்டு?

‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் தமிழ்நாட்டில் நம் காதில் விழும் முதல் வாக்கியம் இது. நான் இலக்கியம் கற்பிப்பவள். எந்த வாக்கியத்தைக் கண்டாலும் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யார் அதற்குள் இல்லை என்று பார்ப்பது தொழில் பழக்கமாகிவிட்டது. கவிதையிடமும் நாவலிடமும் கேட்கும் இந்தக் கேள்விகளை அரசின் எச்சரிக்கை அறிவிப்புகளிடம் நாம் அதிகம் கேட்டதில்லை. கேட்டுப் பார்க்க வேண்டிய பிரதி அது என்பதே இந்தக் கட்டுரையின் எண்ணம்.

அந்த வாக்கியத்தில் வரும் மீனவர் யார்? படகில் ஏறுகிறவர். விடிவதற்கு முன் கூடையோடு கரைக்கு வந்து, படகு வரும்வரை காத்திருந்து, ஏலத்தில் குரல் கொடுத்து, மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, விற்காததைக் கருவாடாக்கி, பஸ்ஸில் இடம் மறுக்கப்பட்டால் நடந்தே போய் விற்றுவருகிற பெண்ணும் மீன்பிடித் தொழிலில்தான் இருக்கிறாள். ஆனால் அவள் கடலுக்குச் செல்வதில்லை. செல்லாதவளிடம் செல்லாதே என்று சொல்ல முடியாது. ஆக, கரையில் நிற்பவள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று கரையில் யார் நின்றார்கள் என்பது தெரிந்தது. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடி பூமி அதிர்ந்தது. நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துக்குள் தன் முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்பதே அதன் சாரம். அந்த மையம் பசிபிக்குக்கானது. அதன் அறிக்கையைப் பெறுவோர் பட்டியலில் நாகப்பட்டினமும் மட்டக்களப்பும் இல்லை. எச்சரிக்கைக்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406 பேர், ஆண்கள் 1,883 பேர் என்றது. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146. காரணங்களில் ஒன்றாக அது சொன்னது மிக எளிமையானது: ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள், ஆழ்கடலில் சுனாமி அலை படகைக் கவிழ்க்கும் உயரத்துக்கு எழுவதில்லை, பெண்கள் அவர்கள் கொண்டுவரும் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். கடல்தான் ஆபத்து, கரை பாதுகாப்பு என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தலைகீழாக இருந்தது. 2007-இல் ஹைதராபாத்தில் இந்தியாவுக்கென்று சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கருவிகள் வந்தன, கடலடியில் உணரிகள் வந்தன. வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வாக்கியம் மீனவர்களையாவது ஒழுங்காகச் சென்றடைகிறதா என்றால், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கியைப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். செல்ல வேண்டாம் என்ற சொல் சென்றுவிட்டவரை எட்டாது. குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்ட கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். அறிவிப்பில் ஒரு சொல்லாகக்கூட இல்லாதவர்கள், அறிவிப்பு தோற்ற பிறகு கேள்வி கேட்க வந்தார்கள்.

இந்த மொழி எங்கிருந்து வந்தது? 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நாசமாயின. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. இந்திய வானிலைத் துறை பிறந்தது அதற்கும் பத்தாண்டு கழித்து, 1875-இல். முதலில் காப்பாற்ற நினைத்தது கப்பலையும் சரக்கையும். நாம் இன்றும் செய்தியில் கேட்கும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ அந்த ஏற்பாட்டின் வாரிசு. பகலில் கம்பத்தில் ஏற்றும் உருவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். கப்பல் தலைவன் தொலைநோக்கியில் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய சைகை. ஒன்று என்றால் தொலைவில் புயல் உருவாகலாம். மூன்று என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம். எட்டிலிருந்து பத்து வரை பேராபத்து. பதினொன்று எனக்குப் பிடித்தமானது: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்று பொருள். நேர்மையான எண் அது.

‘நாகை துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியைக் கூரைவீட்டில் இருக்கும் ஒருத்தி படிக்கிறாள் என்று வையுங்கள். துறைமுகத்துக்குச் சொன்னதை அவள் தன் கூரைக்கு மொழிபெயர்க்க வேண்டும். மழையும் அப்படித்தான். ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து, ‘மிக கனமழை’ 115.6-இலிருந்து, ‘அதி கனமழை’ 204.4-க்கு மேல். அளவுகோல் துல்லியமானது, தேவையானதும்கூட. ஆனால் கேட்பவளுக்கு வேண்டியது வேறு: அடுப்படிக்குள் தண்ணீர் வருமா? வந்தால் எவ்வளவு உயரம்? எத்தனை மணிக்கு? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது என்று கேட்டோம். அடையாற்றின் கரையில் தரைத்தளத்தில் படுத்த படுக்கையாக மாமியாரை வைத்துக்கொண்டு இருப்பவளுக்குக் கன அடி என்பது என்ன? அது ஏரியின் மதகைத் திறப்பவரின் அளவு. அவள் வீட்டு வாசற்படியில் அதற்கு எத்தனை அடி என்று பெருக்கிச் சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

ஜப்பானில் இதே சிக்கலை வேறு வழியில் கற்றுக்கொண்டார்கள். 2011 மார்ச்சில் முதலில் அறிவிக்கப்பட்ட அலையின் உயரம் சில இடங்களுக்கு 3 மீட்டர். தடுப்புச் சுவர் அதைவிட உயரம் என்று நம்பிப் பலர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். வந்த அலை பல மடங்கு பெரியது. அதன் பிறகு 2013-இல் விதியை மாற்றினார்கள்: மிகப்பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் அறிவிப்பில் எண்ணைச் சொல்லாமல் ‘பிரம்மாண்டமான அலை’ என்று சொல்லிவிடுவது. எண்ணை நம்பும் ஒரு நாடு, உயிர் போகிற நேரத்தில் எண்ணைக் கீழே வைத்துச் சொல்லைக் கையில் எடுத்தது.

தொனியையும் மாற்றினார்கள். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் நிலம் நடுங்கியபோது என்.எச்.கே. தொலைக்காட்சியில் இருந்த பெண் அறிவிப்பாளர் குரலை உயர்த்தி, ஏறக்குறையக் கத்தி, உடனே ஓடுங்கள் என்றார். பணிவும் மென்மையும் பெண் குரலின் இலக்கணம் என்று பழக்கிவைத்திருக்கும் ஒரு ஊடகத்தில் அந்தக் கட்டளைத் தொனி பலரைத் திடுக்கிட வைத்தது. திடுக்கிட வைப்பதுதான் நோக்கம். 2011-இல் மினாமிசன்ரிக்கு என்ற ஊரில் 24 வயது அரசு ஊழியர் ஒருத்தி கடைசிவரை ஒலிபெருக்கியில் மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்து அலையோடு போனாள். அவளை இன்றும் தியாகத்தின் உருவமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் ஒரு நெருடல் உண்டு. ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்த பெண்ணிடம், போதும், நீ மேலே போ என்று சொல்லும் பொறுப்பு யாருக்கு இருந்தது என்பதைப் புகழ்ச்சி மறைத்துவிடுகிறது.

நம் அறிவிப்புகளின் தொனிக்கு வருவோம். ‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ யார் கேட்டுக்கொள்கிறார்? செயப்பாட்டு வினைக்குள் அவர் ஒளிந்துகொள்கிறார். பாதுகாப்பான இடம் எது? பெயர் இல்லை. பொதுமக்கள் என்பவர் யார்? எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படக்கூடியவர். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றும் இல்லாதவர். போகலாமா என்று வேறொருவரைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவர்.

பெண் இந்த அறிவிப்புகளில் வரவே இல்லையா? வருகிறாள், ‘கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர்’ என்ற தொடரில். பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொடரின் இலக்கணத்தைப் பாருங்கள். அங்கே பெண் அப்புறப்படுத்தப்பட வேண்டிய ஒருத்தி. பேச்சு அவளைப் பற்றியது, அவளிடம் பேசப்படுவது அன்று. அந்தக் குழந்தையையும் முதியவரையும் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது யார் என்பதும் அங்கே இல்லை.

எழுவாயே இல்லாமல் பெண்ணிடம் பேசும் இடம் ஒன்று உண்டு. ‘குடிநீர் சேமித்துவைக்கவும். உலர் உணவு, மெழுகுவர்த்தி, மருந்துகள் தயாராக வைக்கவும். ஆவணங்களைப் பாதுகாக்கவும்.’ யார் வைக்கவும்? எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் எழுதுவதில்லை. மஞ்சள் எச்சரிக்கைக்கும் சிவப்பு எச்சரிக்கைக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்கள் பெண்ணின் கூலியில்லா வேலையால் நிரம்பியவை. குடத்திலும் அண்டாவிலும் தண்ணீர் பிடிக்க வேண்டும். விறகை மேலே ஏற்ற வேண்டும். அரிசி மூட்டையைப் பரணில் வைக்க ஆள் தேட வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், நகை அடகுவைத்த ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருக வேண்டும். ஆட்டை அவிழ்த்துவிடுவதா, கட்டியே வைப்பதா? மாதவிடாய் நாள் என்றால் துணிக்கு என்ன செய்வது? இதற்கு நடுவே மாலை வரை வேலை வீட்டு முதலாளியம்மா அனுப்ப மாட்டார், ஏனெனில் ஊரில் விடுமுறை என்று அறிவித்தது பள்ளிகளுக்குத்தான். புயல் திசைமாறிப் போய்விட்டால் செய்ததையெல்லாம் திரும்பக் கலைத்து அடுக்க வேண்டியதும் அவளே. மூன்றாம் முறை ‘ஒன்றும் வராது’ என்று அவள் சலித்துக்கொண்டால், அது அறியாமையா, உழைத்த உடம்பின் கணக்கா? எச்சரிக்கை வீணாகப் போவதால் வரும் அலுப்பைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதுகிறார்கள். அந்த அலுப்புக்குக் கைகால் வலியும் உண்டு.

இப்போது நம்பிக்கையெல்லாம் செல்போனில். 2023-இல் நாடெங்கும் சோதனை நடந்தது: ஒரு பகுதியில் இருக்கும் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலறும். நல்ல தொழில்நுட்பம், நெரிசலில் சிக்காது, எண் தெரியவேண்டியதில்லை. ஆனால் போன் வைத்திருப்பவர் யார்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் செல்போன் உள்ளவர்கள் ஏறக்குறைய 54 விழுக்காடு. மற்றவர்களுக்கு அந்த அலறல் கணவனின் சட்டைப்பையில், அவன் போகும் இடத்தில், ஒலிக்கும். என் மாணவிகள் சிலரின் விடுதியில் இரவு எட்டு மணிக்கு மேல் போன்களை வாங்கி வார்டன் அறை பீரோவில் பூட்டிவிடுவார்கள். ஒழுக்கத்தைக் காக்கவாம். நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் அறுபது போன்கள் பூட்டிய பீரோவுக்குள் சேர்ந்து கத்தும். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டன் 2023 ஏப்ரல் 23 பிற்பகல் மூன்று மணிக்குத் தன் நாடு தழுவிய சோதனையை நடத்தத் திட்டமிட்டது. வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக இயங்கும் ரெஃப்யூஜ் அமைப்பு உடனே ஒன்றைச் சுட்டிக்காட்டியது. அடிக்கும் கணவனுக்குத் தெரியாமல் இரண்டாவது போன் ஒன்றை மறைத்துவைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய தப்பிக்கும் வழி. சைலன்ட்டில் இருந்தாலும் அலறும் எச்சரிக்கை அந்த ஒளிவிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எச்சரிக்கையை எப்படி அணைத்துவைப்பது என்ற வழிகாட்டுதலை அரசே வெளியிட்டது. வெளியே வரும் ஆபத்தைச் சொல்ல வந்த குரல், உள்ளே இருக்கும் ஆபத்தை எழுப்பிவிடக்கூடும் என்று அதைத் திட்டமிட்டவர்கள் முதலிலேயே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைவூட்டியது பெண்கள் அமைப்பு.

செய்தி காதில் விழுந்துவிட்டால் போதுமா? 1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசக் கரையைத் தாக்கிய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மிக உயர்ந்த பத்தாம் எண் அபாய அறிவிப்பே விடப்பட்டது. 20 முதல் 44 வயதுக்குள் இருந்தவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தார்கள் என்றால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். ஏன் என்று தேடியவர்கள் கண்டது: செய்தி கடைத்தெருவிலும் பொது இடங்களிலும் ஆணிடமிருந்து ஆணுக்குப் போனது. வீட்டில் இருந்த பெண்கள் கணவன் வந்து முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். போக நினைத்தவர்களையும் அந்நிய ஆண்கள் நிறைந்த, தனியிடமோ கழிப்பறையோ இல்லாத புகலிடம் தயங்கவைத்தது. குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு, காலில் சுற்றும் சேலையோடு வெள்ளத்தில் நடந்தார்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது செய்தி மட்டுமில்லை, செய்தியைக் கேட்டதும் கிளம்பிவிடும் உரிமை.

நாம் வேறு என்று எண்ண வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது. அதற்கு முன் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முன்னேற்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாத் தரப்பிலும் பாராட்டினார்கள். அதே இரவில் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரொன்றில் ஒரு சிறுமி, பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே தென்னைக்கு அருகில் குடிசையில் தனியே வைக்கப்பட்டிருந்தாள். தென்னை சாய்ந்து இறந்துபோனாள். குடிசையில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று எத்தனை முறை அறிவித்திருப்பார்கள்! சில அடி தூரத்தில் வீடு இருந்தது. அறிவிப்பு அந்த வீட்டுக்குப் போயிருக்கும், குடிசைக்கும் கேட்டிருக்கும். தீட்டு என்ற இன்னோர் அறிவிப்பு அதைவிடப் பழையது, அதைவிட அதிகாரம் உள்ளது. ஆட்சியரின் உத்தரவைவிட அந்த வீட்டில் அதற்குச் செல்வாக்கு இருந்தது. எந்த எச்சரிக்கைக் குறிப்பிலாவது, விலக்காகி வெளியே இருக்கும் பெண்ணை உள்ளே கூப்பிடுங்கள் என்று ஒரு வரி இருந்ததா? நான் பார்த்தவற்றில் இல்லை. எழுதினால் சங்கடமாக இருக்கும் என்றால், அந்தச் சங்கடத்தின் விலை என்ன என்று கேட்கத்தான் வேண்டும்.

‘எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது’ என்ற வாக்கியம் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வருகிறது. அதன் வேலை வேறு. சொன்னோம், கேட்கவில்லை என்று பழியை மெதுவாக இறந்தவர் பக்கம் நகர்த்துவது. அனுப்பியதோடு எச்சரிக்கை முடிந்தது என்று கணக்கு எழுதுகிறவருக்கு அது வசதியான வாக்கியம். கேட்டவளுக்கு வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மாறாமல் இருக்கவேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை இது. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு கிராமத்தில் 2004-இல் சிங்கப்பூரில் வேலைசெய்த ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்னதை, அங்கிருந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் உடனே சொன்னார்கள்; ஊரே தப்பியது. பழகிய ஒலிபெருக்கி, தெரிந்த குரல், தமிழில் நேரான சொல். வங்கதேசத்திலோ 1970 பெரும்புயலுக்குப் பிறகு தொடங்கிய தொண்டர் படையில் இன்று 70,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். ஆபத்து கூடக் கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகள் ஏறும். கூடவே பெண் தொண்டர்கள் வீட்டுக்குள்ளேயே போய்ப் பேசுவார்கள். புகலிடங்கள் பெருகின, பெண்களுக்குத் தனி அறைகளும் வந்தன. லட்சக்கணக்கில் உயிர்கள் போன கரையில் 2007 சிடர் புயலில் போனவை சில ஆயிரம், 2020 ஆம்பன் புயலில் சில பத்துகள். இந்த இறக்கம் முழுவதற்கும் பெண் தொண்டர்களே காரணம் என்று சொல்வது மிகை. அவர்கள் இல்லாமல் நடந்திருக்கும் என்பதும் மிகை.

போன பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: ஒரு புயல் அறிவிப்பை உங்கள் தெருவுக்கு எழுதுங்கள். பலர் மழை அளவை முழங்கால், இடுப்பு என்று மாற்றினார்கள். ஒருத்தி மட்டும் பெண்ணிடம் பேசவே இல்லை, ஆண்களை விளித்து எழுதியிருந்தாள். ‘அண்ணன்மாரே, வீட்டுக்காரம்மா போகலாம் என்றால் இப்போதே கிளம்புங்கள், நீங்கள் வரும்வரை இருக்கச் சொல்லாதீர்கள், பெரியபள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு வடக்குப்புற அறை, கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறது, லைட்டும் இருக்கிறது, சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.’ தாழ்ப்பாளை எதற்காக எழுதினாய் என்று கேட்டேன். போன தடவை இல்லை மேடம், அதனால் அம்மா வரவில்லை என்றாள்.